சித்தப்பா போட்டுக்கொள்ளாத ஊசி

நம் வயதுக்காரர்களிடம் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள், கை தானாகத் தொப்புளுக்குப் போகும். என் கை இன்றைக்கும் போகிறது. போன மாதம் என் மகள் தெருநாய்களைப் பராமரிக்கும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த நாயும் கடிப்பதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்களாம். "எங்கடி போட்டாங்க?" என்று கேட்டேன். "கையிலதாம்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்தபடி வெங்காய பஜ்ஜியைத் தின்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் அழுதேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம், நீங்களும் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள்.

நெய்வேலியில் நம் எல்லோருடைய வீடும் ஒரே மாதிரிதான். முன்னால் ஒரு முருங்கை, பின்னால் ஒரு பலா, நடுவில் இரண்டு அறை. நம் அப்பாக்கள் எல்லோரும் ஷிப்ட் பார்த்தவர்கள். அப்பா தூங்குகிறார் என்று அம்மாக்கள் எந்நேரமும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு திரிந்த ஊர் அது. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒருவர் இருந்தார், சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. சுரங்கத்துக்கு நிலம் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். மூத்தவர் என்பதால் அப்பா பெர்மனென்ட் ஆனார். சித்தப்பா கான்ட்ராக்டில் சேர்ந்தார். பழுப்பு நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை மண்வாரியால் அள்ளி மேலே போடும் வேலை. வீட்டுக்கு வரும்போது பல்லும் கண்ணும் மட்டும்தான் சித்தப்பாவாக இருக்கும், மற்றதெல்லாம் பழுப்பு. குழாயடியில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் ஆள் முழுசாகத் தெரியும். அந்தப் பழுப்புத் தூளின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மழையில் நனைந்து காய்ந்த சாக்கு மாதிரி ஒரு வாசனை.

தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்விட்டதால் சித்தப்பாவை வளர்த்தது அப்பாதான். தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை என்றுதான் அப்பாவுக்கு நினைப்பு. நல்ல உயரம், நல்ல உடம்பு, அப்படிப்பட்டவருக்கு ஊசி என்றால் நடுக்கம். சின்ன வயதில் அம்மை குத்த ஆள் வந்தபோது முந்திரி மரத்தில் ஏறிக்கொண்டு பொழுது சாய்கிறவரை இறங்கவில்லையாம். அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பாவும் கூடவே சிரிப்பார்.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை. யாருடைய நாயும் இல்லை, எல்லா வீட்டிலும் சாப்பிடும். அந்த மாசி மாதக் கடைசியில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வாசலில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. குரல் உடைந்த மாதிரி ஊளையிட்டது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன், எனக்கு எட்டு வயது.

ஒருநாள் காலை பால் தூக்கோடு நான் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாய் வேலியோரமாக வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை, நேராக வந்து என் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. தூக்கு உருண்டு பால் எல்லாம் தார் ரோட்டில் ஓடியது. வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா ஓடி வந்தார். பக்கத்தில் கல்லோ கம்போ தேடவில்லை. இரண்டு கையையும் நாயின் வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிளந்து என் காலை எடுத்தார். நாய் ஓடிவிட்டது. சித்தப்பாவின் வலது கையில், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. ரத்தம் அதிகம் வரவில்லை. என் காலில்தான் சதை தெரிந்தது. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். சுரங்கத்தில் இரவு பகலாக இறைத்துக் கொட்டிய தண்ணீர், குழாயைத் திறந்தால் ஆறு மாதிரி வரும், மூடக்கூட மறந்துவிடுவோம். அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியிருக்க வேண்டும் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்கிறது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "பச்சத் தண்ணி பட்டா சீழ் வெச்சிடும்" என்று என்னைக் குழாய்ப் பக்கமே விடவில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து என் காலில் அப்பினாள். மிச்சத்தைச் சித்தப்பா தன் கையில் தடவிக்கொண்டார்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அந்தச் சுண்ணாம்பைக் கழுவச் சொன்னார். பிறகு என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மலையாளத்து சிஸ்டர் ஒருத்தி கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் கண்ணாடி ஊசியை எடுத்தாள். என் கண்ணுக்கு அது வீட்டுக் குழாய் அளவு தெரிந்தது. "அழாதே மோளே, அழாதே" என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் குத்தினாள். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற சித்தப்பா உள்ளே ஓடி வந்துவிட்டார். அப்போதுதான் டாக்டர் அவர் கையைப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சார். பல்லு லேசா பட்டுச்சு."

"லேசா பட்டாலும் கடிதான். உனக்கும் போடணும். நீ இங்க யாரோட டிபென்டென்ட்?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். கம்பெனி தந்த எங்கள் மருத்துவப் புத்தகத்தில் மூன்று பேர்தான், அப்பா, அம்மா, நான்.

"அப்ப இன்னிக்கே கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. காசு வாங்க மாட்டாங்க. தினமும் போகணும், ஒருநாள்கூட விடக் கூடாது. ஊசி போடுற நாள்ல பளு தூக்காத" என்றார் டாக்டர். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "அந்த நாய் மேல ஒரு கண்ணு வைங்க. பத்து நாள் தாண்டியும் அது நல்லா இருந்துச்சுன்னா ரெண்டு பேருக்குமே பயமில்ல."

அன்றைக்கே போயிருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

சித்தப்பாவின் மேஸ்திரி சம்மதிக்கவில்லை. பெர்மனென்டுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், தொடர்ந்து வேலைக்கு வந்தவன் பெயர்தான் மேலே போகும், இப்போது லீவு போட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு எல்லா வருடமும் இருந்த பேச்சு என்பது இப்போது நமக்குத் தெரியும். அப்போது சித்தப்பாவுக்கு அது வேதவாக்கு. பெர்மனென்ட் ஆனால்தான் பெண் கொடுப்பார்கள். குள்ளஞ்சாவடியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

"நாளைக்குப் போறன் அண்ணி" என்பார் அம்மாவிடம். மறுநாளும் அதையே சொல்வார்.

ஆனால் என்னை ஒரு நாளும் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவர்தான். காலையில் சைக்கிள் கேரியரில் போர்வையை மடித்துப் போட்டு என்னை உட்கார வைப்பார். மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போவார். என் வயிறு வீங்கி, கட்டி கட்டியாக, அரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. பாவாடை நாடா பட்டாலே உயிர் போகும். அம்மா அவருடைய பழைய சட்டையைத்தான் எனக்குப் போட்டுவிட்டாள். ஊசிக்கு முன்னால் சிஸ்டர் அயோடினால் வயிற்றில் வட்டம் போடுவாள். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருக்கும். முடிந்ததும் மெயின் பஜாரில் பொரி உருண்டை வாங்கித் தருவார். "ரொம்ப வலிக்குதா பாப்பா?" என்று தினமும் கேட்பார். நான் "ரொம்ப" என்பேன், இன்னொரு உருண்டை கிடைக்கும். குழந்தை வேறு என்ன சொல்லும்?

வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் டாக்டர் அவரைப் பிடித்துக்கொள்வார். "போனியாப்பா?" "போறன் சார்." "எப்பப்பா போவ? பொணமாவா?" என்று ஒருநாள் கத்தியே விட்டார். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே பத்தியம் வைத்தாள். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, கோழி கூடாது. ரசமும் சுட்ட அப்பளமும்தான். சித்தப்பா ஒரு வார்த்தை முனகாமல் சாப்பிட்டார். பத்தியம் இருக்கிறார் அல்லவா, பாதி வைத்தியம் நடக்கிறது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு தைரியம். அந்தத் தைரியத்தை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த நாய் மட்டும் கண்ணில் படவே இல்லை. அப்பா எல்லா ஷிப்ட் ஆட்களிடமும் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "திங்கக்கெழம நானும் கூட வரன், கடலூர் போறம். மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறன். பேரு போனா போவுது" என்றார். சித்தப்பா வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் அப்படியே வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"நாயப் பாத்துட்டன்! மைன்ஸ் கேன்டீன் பின்னால படுத்துகினு இருக்குது. வடையப் போட்டன், தின்னுட்டு வாலாட்டுது. நம்ம நாய்தான்!"

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"அதே செவலை, அதே ஒசரம். பத்து நாளு தாண்டிடுச்சி இல்ல? வெறி புடிச்ச நாயா இருந்தா இந்நேரம் செத்திருக்கும். டாக்டரே சொன்னாரு."

அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். என் வயிறு வலித்தது, ஆனாலும் சிரித்தேன். பத்தியம் அன்றோடு முடிந்தது. சாயங்காலம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது.

டாக்டர் மட்டும் ஒப்பவில்லை. "நாயைக் கட்டிக் கொண்டு வாங்க. கண்ணால பாக்காம பொண்ணுக்கு ஊசிய நிறுத்த மாட்டேன். உங்க தம்பியும் போகட்டும்" என்றார். எனக்குக் கடைசி ஊசிவரை போட்டார்கள். அப்பா கயிறு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கேன்டீன் பின்னால் தேடினார். நாய் அகப்படவில்லை. அதோடு விட்டுவிட்டார். அம்மா ஒருமுறை, "அவரயும் ஒருநடை கூட்டிகினு போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள். அப்பா சிரித்தார். "நாயி நல்லாத்தான் இருக்குது. எதுக்குப் புள்ளயப் போட்டு வதைக்கணும்? பாப்பா கத்துறதப் பாத்தே அவன் பாதியா எளச்சிட்டான். தாங்க மாட்டான், வுடு." அது அன்பில் சொன்ன வார்த்தைதான், எனக்குத் தெரியும்.

பங்குனி, சித்திரை எல்லாம் போயின. பின்பக்கத்துப் பலா பழுத்து வீடே மணத்தது. பெரிய லீவு விட்டிருந்தார்கள். குள்ளஞ்சாவடிப் பெண் வீட்டிலிருந்து வந்து கை நனைத்துவிட்டுப் போனார்கள். சித்தப்பாவின் கைத்துளைகள் ஆறி, இரண்டு வெளிறிய புள்ளிகள் மட்டும் இருந்தன.

வைகாசியில் ஒருநாள் அந்தப் புள்ளிகளைச் சொறிந்துகொண்டே இருந்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது அண்ணி" என்றார். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் காலையில் நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனார். கழுத்து வெட்டி இழுத்தது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அவர் முகத்தில் இருந்ததை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. அந்த மனிதர் எதற்கும் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை, ஊசிக்குக்கூட.

"ஃபேன நிறுத்துங்க" என்று கத்தினார். "காத்து ஆவல, நிறுத்துங்க."

அம்மா ஓடிப்போய் நிறுத்தினாள். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"கிட்ட வராத பாப்பா" என்றார். நல்ல நிதானத்தோடு, கெஞ்சுகிற குரலில் சொன்னார். "சித்தப்பாகிட்ட வரக் கூடாது. வெளிய போய் வெளையாடு போ." அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். எங்களில் முதலில் தெரிந்துகொண்டது அவர்தான்.

கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். வண்டி வைத்துக் கடலூருக்கு அனுப்பினார்கள். அங்கே தனி அறையில் இருட்டில் போட்டார்கள். கூடப் போயிருந்த அப்பா மட்டும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்தார். வீட்டுக்குள்கூட வரவில்லை, நேராக மைன்ஸுக்குப் போனார். நாய் உயிரோடு இருக்கிறது என்று காட்டிவிட்டால் இது அந்த நோய் இல்லை என்று ஆகிவிடும், டாக்டர்கள் வேறு வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரே எண்ணம்.

பத்து மணிக்கு நாயோடு வந்தார். நாலு பேர் சேர்ந்து கயிறு போட்டு மடக்கினார்களாம். பழுப்பு நாய், சாதுவாக நின்றது. தெருவே கூடிவிட்டது.

"பாருங்க, எல்லாரும் பாருங்க! இதா உசுரோட நிக்குது. வெறி நாயா இது? கடலூருக்குக் கூட்டிகினு போயி டாக்டருங்களுக்குக் காட்டப் போறன்."

அம்மா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். "நம்ம நாய்க்கு நெத்தியில வெள்ள இருக்குமே. காணோமே."

"கரித்தூளு மறைச்சிகினு இருக்குது. கழுவுனா தெரியும்" என்று அப்பா நாயைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் குழாயை முழுசாகத் திறந்தார். நெற்றியில் தண்ணீர் பட்டதும் பழுப்புச் சாயம் வழிந்தது. அப்பா விரலால் தேய்த்தார். வெள்ளை தெரிந்தது.

"பாத்தியா! வெள்ள! பாத்தியா!" அப்பா சின்னப் பையன் மாதிரி கத்தினார். எனக்கும் கை தட்டத் தோன்றியது.

ஆனால் அந்த வெள்ளை நெற்றியோடு நிற்கவில்லை. காதிலிருந்தும் பழுப்பு வழிந்தது, காது வெள்ளை. கழுத்து வெள்ளை. முதுகில் தண்ணீர் விட்டார், முதுகும் வெள்ளை. அப்பா நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். எங்காவது ஒரு கைப்பிடி செவலை மிஞ்சாதா என்று வால்வரைக்கும் தேய்த்தார். சுரங்கத்து நாய்கள் எல்லாமே அந்த நிறம்தான். சுரங்கத்து ஆட்களும் அந்த நிறம்தான். அத்தனை வருடம் வேலை பார்த்த மனிதருக்கு அது தெரியாதா என்று கேட்காதீர்கள். தம்பி பிழைக்க வேண்டும் என்று பார்த்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

நனைந்த வெள்ளை நாய் உடம்பை உதறிவிட்டு அப்பாவின் கையை நக்கியது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து குழாயை மூடி, கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா இறந்துபோனார். அப்பா போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்ததாம், நினைவு இல்லையாம். ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எனக்கு முகத்தைக் காட்டவில்லை.

அவர் வாயைத் துடைத்தவர்கள், எச்சில் பட்டவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அம்மாவும் அப்பாவும் தினமும் போனார்கள். வீட்டில் விட ஆளில்லாததால் நானும் கூடப் போனேன். அதே அறை, அதே சிஸ்டர். முதல் நாள் அப்பா கட்டிலில் படுத்து பனியனை ஏற்றிக்கொண்டார். சிஸ்டர் அயோடின் வட்டம் போட்டாள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா எனக்குச் செய்தது மாதிரி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

ஊசி இறங்கியது. அப்பா சத்தம் போடவில்லை, கண்ணை மூடவும் இல்லை.

"உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா பாப்பா?"

"ஆமாப்பா."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்" என்றேன்.

சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, எழுந்துகொள்ளலாம் என்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. பனியனைக்கூட இறக்கிவிடாமல் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். காதுப்பக்கமாகக் கண்ணீர் இறங்கியது.

"அவன் தாங்கியிருப்பான்" என்றார்.